தோட்டத்து வீட்டில் தனியாக இருப்பவர்களுக்கு: போன், நெட், ரேடியோ

தென்காசி மாவட்டம் கடையம் பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறேன். வீட்டுக்குள் போனில் ஒற்றைக் கோடு சிக்னல்தான், பேச மொட்டைமாடி ஏற வேண்டும். 2023 டிசம்பர் மழையில் கரண்டும் டவரும் ஒன்றாகப் போய்விட்டன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டிய சேதியே மூன்றாம் நாள் பால்காரர் சொல்லித்தான் தெரியும். அதற்கப்புறம் செய்துகொண்ட ஏற்பாடுகள் இவை.

1. கேபிள்காரர் ஃபைபர் நெட் இழுத்துத் தருவார் என்றால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள். ஆன்லைனில் விற்கும் சிக்னல் பூஸ்டர் பக்கம் போகவே வேண்டாம். அனுமதியில்லாமல் வைப்பது குற்றம். அக்கம்பக்கத்துப் போன்களையும் கெடுக்கும்.

2. போன் செட்டிங்ஸில் சிம் பகுதிக்குள் போய் ‘வைஃபை காலிங்’ ஆன் செய்யுங்கள். டவருக்குப் பதிலாக வீட்டு நெட் வழியாகப் பேசும் வசதி இது. நான் ஒரு வாரம் முட்டிக்கொண்டது இங்கேதான். ஆன் செய்த பிறகும் பாதிப் பேச்சு காற்றோடு போனது. போன் அந்த ஒற்றைக் கோடு சிக்னலை விடாமல் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்ததுதான் காரணம். ஏரோப்ளேன் மோடைப் போடுங்கள், அப்புறம் வைஃபையை மட்டும் திரும்ப ஆன் செய்யுங்கள். அரை நிமிடத்தில் மேலே வைஃபை காலிங் அடையாளம் வரும். அது வந்த பிறகு நம்பரைப் போடுங்கள். டவரைத் தேடித் தேடிப் போன் சுட்டதும் இதோடு நின்றது.

3. கரண்ட் போனாலும் நெட் ஓட, ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் என்ற சின்ன பேட்டரிப் பெட்டி. ரவுட்டர் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் எத்தனை வோல்ட் என்று பார்த்து, அதே வோல்ட்டில் வாங்குங்கள். என்னுடையது 12 வோல்ட். இதற்குப் போய் பெரிய இன்வெர்ட்டர் தேவையில்லை.

4. எல்லாமே போனால் ரேடியோ. பேட்டரியில் ஓடுவதாக, மீடியம் வேவ் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கரில் இருப்பது பெரும்பாலும் எஃப்எம் மட்டும்தான். எங்களுக்குத் திருநெல்வேலி வானொலி, 1197 கிலோஹெர்ட்ஸ். முதல் நாள் வெறும் கொர்ர் சத்தம்தான். செட்டில் கோளாறு என்று கடைக்கே எடுத்துப் போய்விட்டேன், அங்கே நன்றாகப் பாடியது! வீட்டு எல்இடி பல்பும் சார்ஜரும் செய்த வேலை அது. அவற்றை அணைத்துவிட்டு, செட்டையே மெல்லத் திருப்புங்கள். ஒரு திசையில் குரல் தெளியும். நீட்டுக் கம்பியை இழுத்துப் பயனில்லை, அது எஃப்எம்முக்கு.

5. பக்கத்துத் தோட்டத்து அக்காவோடு ஓர் ஏற்பாடு. விடிந்ததும் வாசல் விளக்கை அணைப்பேன். ஏழு மணிக்கும் எரிந்தால் அக்கா ஆள் அனுப்புவார். ஒருநாள் மறந்துபோய்த் தூங்கிவிட்டேன். அவர் மகன் கம்போடு வந்து நின்றான்.

பின்சேர்க்கை: ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் யுபிஎஸ் வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். சரிதான், எனக்கு இரண்டும் ஒரே பெட்டி. ஏரோப்ளேன் மோடில் ஓடிபி வரவில்லை என்கிறார் இன்னொருவர். எனக்கு வருகிறது. வராதவர்கள் மோடை எடுத்துவிட்டு, பழையபடி மொட்டைமாடி ஏற வேண்டியதுதான்.