விண்டோஸ் மாற்றிய பின் பழைய ஃபோல்டர் திறக்கவில்லையா?

சி டிரைவை ஃபார்மட் செய்து விண்டோஸ் 11 போட்டாச்சு. டி டிரைவுக்கு மாற்றி வைத்திருந்த டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரைத் தொட்டால் 'ஆக்சஸ் டினைடு'. யூசர் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் பழையதேதான். ஆனால் விண்டோஸ் பார்ப்பது பெயரை அல்ல, கணக்குக்குத் தான் கொடுத்த எஸ்ஐடி என்ற அடையாள எண்ணை. புது விண்டோஸில் அதே பெயருக்கும் எண் வேறு. ஃபோல்டர் ப்ராப்பர்ட்டீஸின் செக்யூரிட்டி டேபில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் 'அக்கவுண்ட் அன்னோன்' என நின்றால், அது செத்துப்போன பழைய கணக்கு.

எனக்குக் கைகொடுத்த வழி: ஃபோல்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. ஓனர் வரியில் சேஞ்ச் அழுத்தி, யூசர் பெயரை அடித்து, செக் நேம்ஸ். பெயருக்கு அடியில் கோடு விழுந்தால் சரி. அடுத்து 'ரீப்ளேஸ் ஓனர் ஆன் சப்கன்டெய்னர்ஸ் அண்ட் ஆப்ஜெக்ட்ஸ்' டிக் செய்து அப்ளை. இதை விட்டால் மேல் ஃபோல்டர் மட்டும் திறக்கும், உள்ளே போனால் மறுபடி அதே எரர். ஓனர் ஆனாலே அனுமதி வந்துவிடாது. எல்லா விண்டோவையும் மூடி, அட்வான்ஸ்டை மீண்டும் திறந்து, ஆட் வழியே ஃபுல் கன்ட்ரோல் கொடுக்க வேண்டும்.

சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டரில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே ஓனர் டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்ற விண்டோஸின் சொந்தக் கணக்கு, மாற்றினால் அப்டேட்டே சிக்கலாகலாம். ஐகானில் பூட்டு தெரிகிற ஃபைல் என்கிரிப்ட் ஆனது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டது. அந்தச் சாவி இருக்கும் பழைய சான்றிதழின் (சர்டிஃபிகேட்) பேக்கப் இல்லாவிட்டால் ஓனரை மாற்றியும் அது திறக்காது.