உறையவைத்து உலர்த்துகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தட்டம்மைத் தடுப்பூசித் தூளையும் மொறுமொறுப்பான பழத்துண்டுகளையும் ஒரே முறையில்தான் தயாரிக்கிறார்கள். பொருளை உறையவைத்து, அதிலுள்ள பனிக்கட்டியை நீராக விடாமல் பதங்கமாதல் மூலம் நேரே ஆவியாக்கி வெளியேற்றுவதே அந்த முறை. பழம் உலர்த்தும் ஃப்ரீஸ் டிரையரை இயக்கக் கற்க வருபவர்கள் அதே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்த்தே இதை எழுதுகிறேன். கதவின் ரப்பர் வளையத்தைத் துடைக்காதது, பம்ப் எண்ணெயை மாற்ற மறப்பது போன்றவை கையேட்டிலேயே உள்ளன, அவற்றை விட்டுவிடுகிறேன்.

அவசரப்பட்டுச் சூடேற்றுவது

பம்ப் காற்றை இழுத்து, இயந்திரத்தினுள் அழுத்தம் 6.11 மில்லிபாருக்குக் கீழே இறங்கிவிட்டால் பனிக்கட்டி உருகாது என்று படித்தவர்கள், வெற்றிடம் வந்ததும் கவலை தீர்ந்ததாக நினைக்கிறார்கள். தூய பனிக்கட்டிக்கு அது சரி. ஆனால், மாம்பழம் உறையும்போது சர்க்கரை ஒதுங்கி, பனிப்படிகங்களுக்கு இடையே பாகாகத் திரண்டு இறுகுகிறது. சுக்ரோஸ் பாகு −32° செல்சியஸ் வாக்கிலேயே இளகத் தொடங்கும். குளுக்கோஸும் பிரக்டோஸும் அதைவிடக் குளிரிலேயே இளகும்.

ஒரு கிலோ பனிக்கட்டி பதங்கமாக ஏறத்தாழ 2,840 கிலோஜூல் வெப்பம் தேவை. அதைத் தட்டிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், பனி மிஞ்சியிருக்கும் வரை பழம் தட்டைவிடக் குளிர்ந்தே இருக்கும். அந்தக் குளிர்ச்சியைக் கண்டு, இயந்திரம் மந்தமாக ஓடுகிறது என்று எண்ணித் தட்டின் சூட்டைக் கூட்டுவதுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு.

பயிற்சிக்கு வந்த இளைஞர் ஒருவர், விடிவதற்குள் வேலை முடியட்டும் என்று மாலையில் தட்டை 50° செல்சியஸுக்கு ஏற்றிவிட்டுப் போனார். காலையில் பங்கனப்பள்ளித் துண்டுகள் சுருங்கித் தட்டோடு ஒட்டிக் கிடந்தன. நுரைத்துத் தெறித்த பாகு மேல்தட்டின் அடியில் சொட்டுச் சொட்டாகக் காய்ந்திருந்தது. தப்பியவையாகத் தெரிந்த துண்டுகளை அழுத்தினால், மேலே அப்பளம்போல் நொறுங்கி உள்ளே பிசுபிசுத்தன. பாகு இளகியதும் பனி விட்டுச்சென்ற நுண்துளைகள் அமுங்கி, ஆவி வெளியேற வழியின்றி, எஞ்சிய பனி உருகிக் கொதித்திருக்கிறது. மறுபடி உறையவைத்து ஓட்டலாமா என்று கேட்டார். பயனில்லை, அமுங்கிய துளைகள் திரும்ப வருவதில்லை.

துண்டில் செருகிய வெப்பமானி தட்டின் வெப்பநிலையைத் தொட்டால் பனி தீர்ந்தது என்பது பொதுக் கணக்கு. ஓரத்துத் துண்டுகள் முந்திக் காய்வதால், தட்டின் நடுவில் செருகினால்தான் அதை நம்பலாம். தட்டுகள் இருக்கும் அறைக்கும், ஆவியைப் பனியாகப் படியவைக்கும் குளிர்ப்பகுதியான கண்டென்சருக்கும் இடையிலுள்ள வால்வைச் சில நொடிகள் மூடிப் பார்ப்பது இன்னும் உறுதியான வழி. அழுத்தம் விறுவிறுவென ஏறினால் பனி இன்னும் இருக்கிறது, சூட்டில் கை வைக்கக் கூடாது.

தடிமனான துண்டுகள்

தடிமன் இரட்டித்தால், நேரம் இரண்டு மடங்கோடு நிற்காது.

குளிராத கண்டென்சர்

கண்டென்சர் பழத்தைவிட நன்கு குளிர்ந்த பிறகே பம்பை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் ஆவி பனியாகப் படியாமல் பம்ப் எண்ணெயில் கலந்துவிடும்.

திறந்து கிடக்கும் தட்டு

காய்ந்த துண்டு காற்றின் ஈரத்தை இழுத்து மீண்டும் இளகும் என்பதால், கதவைத் திறந்த கையோடு அலுமினியத் தாள் பையில் போட்டு ஒட்டுங்கள். மழைக்காலத்தில் பைகளை முன்பே விரித்து அடுக்கிவைத்துக்கொண்டு கதவைத் திறப்பது நல்லது.