லைன்மேன் கையில் கொடுக்கும் செயலி: வடிவமைப்பது எப்படி

ஆபீஸ் மின்விசிறிக்கடியில் பார்த்தால் எந்தச் செயலியும் நன்றாகத்தான் இருக்கும். அது தேற வேண்டிய இடம் கம்பத்தடி. உச்சிவெயில், ஈரக்கை, ஒரு கோடு சிக்னல், 'கரன்ட் எப்போ வரும்' என்று கேட்டு நிற்கும் நாலு பேர்.

முதலிலேயே திரை வரைய உட்காராதீர்கள். வயர்மேன், கேங்மேனோடு ஒரு பகல் முழுக்கவும், மழை பெய்யும் ஒரு ராத்திரியும் கூடவே போங்கள். சட்டைப்பையில் இருக்கும் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் படிவத்தில் என்ன இருக்க வேண்டும் என்பது முக்கால்வாசி அதிலேயே கிடைத்துவிடும். பதிவேட்டில் 'எஸ்.எஸ். 14' என்று இருப்பதை ஊரில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அது 'பிள்ளையார் கோயில் டிரான்ஸ்ஃபார்மர்'. தேடும் இடத்தில் எந்தப் பெயரை அடித்தாலும் அது வர வேண்டும்.

ரப்பர் கையுறை போட்ட விரலைத் தொடுதிரை கண்டுகொள்ளாது. அதனால் கையுறையைக் கழற்ற வைக்கும் எதுவும் வேலைக்கு நடுவில் வரக்கூடாது. ஏறுமுன் ஒரு பதிவு, இறங்கிய பின் ஒரு பதிவு போதும். இடையில் செயலி வாயைத் திறக்கக் கூடாது.

அதிகம் மெனக்கெட வேண்டியது லைன் கிளியரில், அதாவது எல்.சி.யில். லைனில் கை வைக்கலாம் என்று மின்நிலையம் கொடுக்கும் அனுமதி அது. துணை மின்நிலையத்தில் பிரேக்கரைத் திறந்து, லைனைப் பிரித்த பிறகுதான் எல்.சி. கொடுப்பார்கள். வாங்கியவர் சப்ளை இல்லை என்று சோதித்து, வேலை செய்யும் இடத்துக்கு இருபுறமும், லைனைத் தரையோடு இணைக்கும் எர்த் ராட் மாட்டுவார். யார் வீட்டு ஜெனரேட்டரிலிருந்தாவது கரன்ட் திரும்பி வரலாம் என்பதும் இதற்கு ஒரு காரணம். செயலி இதைப் பதிவு செய்யலாம். 'லைன் ஆஃப்' என்று தானாகச் சான்று சொல்லக் கூடாது. சிக்னல் போனபின் திரையில் தங்கிவிட்ட 'லைன் ஆஃப்' என்ற பழைய பச்சைக் குறி ஆளைக் கொன்றுவிடும். ஆகவே எந்த நிலையைக் காட்டினாலும் 'கடைசித் தகவல் 11:42' என்று பெரிதாகப் போடுங்கள். சர்வர் தொடர்பு அறுந்ததும் பச்சை சாம்பலாக மாற வேண்டும்.

வேலை முடிந்து எல்.சி.யைத் திருப்பிக் கொடுப்பதை ஒரே தட்டில் முடிய விடாதீர்கள். மாட்டிய எர்த் ராட் எத்தனை, கழற்றியது எத்தனை, ஏறியவர் எத்தனை பேர், இறங்கியவர் எத்தனை பேர் என்று நான்கு எண்கள் கேளுங்கள். முதல் இரண்டும் பொருந்த வேண்டும், கடைசி இரண்டும் பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் பொத்தானே தோன்றக் கூடாது. ஒரே ஃபீடரில், அதாவது மின்நிலையத்திலிருந்து கிளம்பும் ஒரே லைனில், இரண்டு குழு எல்.சி. வாங்கியிருப்பது சகஜம். ஒரு குழு திருப்பியதும் ஃபீடரே தயார் என்று காட்டும் செயலியைவிடப் பழைய பதிவேடே மேல். 'இன்னும் 1 எல்.சி. பாக்கி' என்பது மின்நிலையத் திரையில் சிவப்பில் நிற்கட்டும்.

பொத்தான் 48 டிபிக்கு (ஆண்ட்ராய்டு திரையின் அளவு அலகு) குறையக் கூடாது. அது சுமார் 9 மி.மீ. ஈரக் கட்டைவிரலுக்கு அதைவிடப் பெரிதாக வைப்பதும் தப்பில்லை. வெயிலில் படிக்க, எழுத்துக்கும் பின்னணிக்கும் 7:1 மாறுபாடு வையுங்கள். வரி இடைவெளி 1.5 இருக்கட்டும், இல்லையென்றால் 'கீ'யின் மேல்சுழி வெட்டுப்படும். 'மின்தடை அனுமதி பெறப்பட்டது' என்று எழுதினால் பொத்தானில் இடமும் பத்தாது, யார் வாயிலும் வராது. 'எல்.சி. வாங்கியாச்சு' போதும்.

பழுதுக்கான காரணத்துக்கு முப்பது வரிப் பட்டியல் வைத்தால் எல்லாரும் முதல் வரியைத் தட்டிவிட்டுப் போவார்கள். மாதக் கடைசியில் அந்தத் தரவு குப்பை. ஃபியூஸ் போச்சு, ஜம்பர் கட், மரக்கிளை, இன்சுலேட்டர் பஞ்சர், வயர் அறுந்தது, கேபிள் ஃபால்ட் என்று ஆறு பெரிய கட்டங்கள். மற்றதற்குக் குரல்பதிவு.

படத்தை நீளப்பக்கம் 1280 பிக்சலுக்குக் குறைத்து போனிலேயே சேமியுங்கள்; சிக்னல் வரும்போது தானாகப் போகட்டும். ஜி.பி.எஸ். துல்லியம் போதவில்லை என்று பதிவையே மறுக்காதீர்கள், எச்சரித்துவிட்டுச் சேமியுங்கள். சேமிக்கும் நொடியில் மட்டும் இடத்தை எடுங்கள். நாள் முழுக்கப் பின்தொடர்ந்தால் பேட்டரியும் தீரும், 'நம்மளை வேவு பார்க்குது' என்று போனையும் அணைத்துவிடுவார்கள். அவர்கள் சந்தேகத்தில் நியாயம் உண்டு.

சோதனைக்கு ஐந்து பேர் போதும். ஆனால் நண்பகல் 12 மணிக்கு, விலை மலிவான போனில், கையில் தண்ணீர் தெளித்து, ஏர்பிளேன் மோடு போட்டுச் செய்ய வேண்டும். எதையும் விளக்காமல் போனைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் 'இது எங்கேப்பா இருக்கு?' என்று கேட்டால், அந்தத் திரையை அன்று மாலையே கலைத்துப் போடுங்கள்.