நெடுந்தூர ஓட்டத்துக்கு டைட்டானியம் சைக்கிள் சட்டகம்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ கடற்கரையை ஒட்டி வாழ்பவர் ஒரு நல்ல உருக்குச் சைக்கிளைச் சில மழைக்காலங்கள் வைத்திருந்தாலே போதும். உப்புக்காற்று அதன் திருகாணித் தலைகளிலும் குழாய்களின் உட்புறத்திலும் எப்படிக் கறளை ஏற்றுகிறது என்பது தெரிந்துவிடும். டைட்டானியத்துக்குக் கறள் பிடிக்காது. அதன் மேற்பரப்பில் தானாகவே உருவாகும் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் கடல்நீரையும் தாங்கக்கூடியது. இந்த ஒரு குணத்தை நம்பித்தான் பலர் பல இலட்சம் ரூபா கொடுத்து டைட்டானியம் சட்டகத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறார்கள். ஆனால் உலோகத்தின் ஆயுள் வேறு, சட்டகத்தின் ஆயுள் வேறு. ஒரு சட்டகம் பயனற்றுப் போவது பெரும்பாலும் பற்றவைத்த மூட்டில் விழும் விரிசலாலும், உள்ளே இறுகிப்போன பாகங்களாலும், உடலுக்குப் பொருந்தாத அளவாலும்தான். வாங்குவோர் கவனம் செலுத்தத் தவறுவதும் இவற்றிலேயே.

டைட்டானியம் என்ற பெயரைக் கேட்டவுடன் விசாரணையை நிறுத்திக்கொள்வது முதல் தவறு. சைக்கிள் குழாய்களுக்கு ஏற்றதென்று நிலைபெற்றிருப்பது, 3 சதவீதம் அலுமினியமும் 2.5 சதவீதம் வனேடியமும் சேர்ந்த, தரம் 9 எனப்படும் கலப்புலோகம். விமானங்களின் ஐதரோலிக் குழாய்களில் பயன்பட்டு வந்த இந்தக் கலவை, நீளவாக்கில் மூட்டில்லாத மெல்லிய குழாயாக இழுப்பதற்கு நன்கு இணங்குகிறது. 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கொண்ட தரம் 5 இதைவிட வலிமையானது என்பது உண்மை. ஆனால் அதைக் குழாயாக இழுப்பது கடினம் என்பதால், தகட்டைச் சுருட்டி நீளவாக்கில் பற்றவைத்தே பெரும்பாலும் குழாயாக்குகிறார்கள். கடைந்தெடுக்கும் பாகங்களுக்கு, குறிப்பாகப் பின்சில்லின் அச்சைப் பிடிக்கும் முனைகளுக்கு, தரம் 5 மிகப் பொருத்தமானது. தரம் 5 என்ற இலக்கத்தைக் காட்டி முழுச் சட்டகமும் உயர்ந்தது என்று விற்பவரிடம், குழாய் எப்படிச் செய்யப்பட்டது என்று கேளுங்கள். தரத்தையே சொல்ல இயலாதவரிடம் வாங்க வேண்டாம். கலப்பில்லாத டைட்டானியத்தின் வலிமை இந்தக் கலவைகளைவிட மிகக் குறைவு.

அடுத்த தவறு, தராசைப் பார்த்துத் தெரிவு செய்வது. டைட்டானியத்தின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 4.5 கிராம், உருக்கினுடையது 7.8 கிராமுக்குச் சற்று மேல். ஆனால் அதன் விறைப்பும் உருக்கினதில் பாதியளவுதான். குறைந்த விறைப்பை ஈடுசெய்யக் குழாயின் விட்டத்தைக் கூட்ட வேண்டும். சுவர்த்தடிப்பு மாறாதபோது மெல்லிய குழாயின் விறைப்பு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். எனவே 28.6 மில்லிமீற்றர் உருக்குக் குழாயின் விறைப்பை அதே தடிப்புள்ள டைட்டானியத்தில் பெறுவதற்கு ஏறத்தாழ 35 மில்லிமீற்றர் விட்டம் வேண்டும், அப்போதும் எடை ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தே இருக்கும். நேர்மையாகக் கிடைக்கக்கூடிய எடைக்குறைவு இவ்வளவுதான். அதற்கும் கீழே போக விரும்பும் தயாரிப்பாளர் சுவரை மெல்லியதாக்குகிறார். அத்தகைய சட்டகம் பையும் கரியரும் ஏற்றிக் கடுகண்ணாவ ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது பக்கவாட்டில் வளையும், விழுந்தால் எளிதில் நசுங்கும். இருநூறு கிராம் மிச்சம் பிடிப்பதற்காக இருபது வருட ஆயுளை விட்டுக்கொடுப்பது நெடுந்தூர ஓட்டுநருக்கு நட்டமான பேரம் என்பதே என் உறுதியான எண்ணம்.

பற்றவைப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சட்டகத்தின் ஆயுள் அங்கேதான் நிர்ணயிக்கப்படுகிறது. சூடேறிய டைட்டானியம் காற்றிலிருக்கும் ஒட்சிசனையும் நைதரசனையும் உறிஞ்சிக்கொள்ளும்; உறிஞ்சிய இடம் நொறுங்கும் தன்மையைப் பெறும். அதனால் பற்றவைக்கும்போது மூட்டின் வெளிப்புறத்தை மட்டுமல்லாமல் குழாயின் உட்புறத்தையும் ஆர்கன் வாயுவால் நிரப்பி, உலோகம் ஆறும்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். மூட்டின் நிறம் இதைக் காட்டிக்கொடுக்கும். பளிச்சென்ற வெள்ளி நிறம் சிறந்தது. இளம் வைக்கோல் நிறமும் ஏற்கத்தக்கது. நீலமும் ஊதாவும் தென்பட்டால் வாயுப் பாதுகாப்பு போதவில்லை. மங்கிய சாம்பல் நிறமோ வெண்பொடியோ இருந்தால் அந்தச் சட்டகத்தை வாங்கவே கூடாது. குழாயின் மேல் அழகுக்காக மின்முறையில் ஏற்றப்படும் நீல நிறத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒரு சிக்கல் இருக்கிறது. வெளிப்புறத்தைத் தேய்த்தோ நுண்ணிய மணிகளைப் பீய்ச்சியடித்தோ மெருகூட்டினால் நிறச்சான்று அழிந்துவிடும். ஆகையால் உள்ளே பாருங்கள். சீட் தண்டைக் கழற்றி, கைபேசி வெளிச்சத்தைக் குழாய்க்குள் அடித்து, கீழே மிதியச்சின் கூட்டோடு அது சேருமிடத்தைக் கவனியுங்கள். பிறகு அச்சுக்கூட்டின் வாய்வழியாக உட்சுவரில் மூட்டுகளின் முதுகுப்புறத்தைப் பாருங்கள். நல்ல வேலையில் அந்தப் பக்கமும் வெளிறிய வெள்ளி நிறமாகவே இருக்கும். வெளியே, மூட்டின் அலைகள் ஒரே அகலத்தில், குழாய் குழாயைச் சந்திக்கும் ஒடுங்கிய மூலையில்கூட இடைவெளி விடாமல் செல்ல வேண்டும். இணையத்தில் வாங்குபவர் இந்த இடங்களின் படங்களை அனுப்பச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

டைட்டானியம் மெத்தென்று ஓடும் என்ற நம்பிக்கையில் டயரின் இடத்தை மறந்துவிடுவது மிகப் பரவலான தவறு. முக்கோணங்களால் கட்டப்பட்ட சட்டகம் மேல்கீழாக வளையும் அளவு மிகச் சொற்பம். குலுக்கலின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது டயரும் அதன் காற்றழுத்தமும்தான். கொழும்பிலிருந்து புத்தளம் வழியாகவோ தம்புள்ளை வழியாகவோ யாழ்ப்பாணத்துக்குச் செல்பவர் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓட வேண்டும். தார் நன்றாக இருந்தாலும், பேருந்து பின்னால் ஹோர்ன் அடிக்கும்போது வீதியோரச் சரளையில் இறங்கவேண்டி வரும். 25 மில்லிமீற்றருக்கு மேல் ஏற்காத சட்டகம் எந்த உலோகத்தாலானாலும் இங்கே கைகளையும் இடுப்பையும் வருத்தும். மட்கார்டு போட்ட பிறகும் 32 மில்லிமீற்றர் டயர் தாராளமாகச் சுழல இடம் வேண்டும். மட்கார்டுக்கும் கரியருக்குமான திருகாணித் துளைகளும் தொடக்கத்திலேயே இருக்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையும் அதன்பின் ஒக்டோபர், நவம்பர் மாலை மழையும் பெய்யும் ஊரில் மட்கார்டு ஆடம்பரம் அல்ல; துளையைப் பின்னர் பற்றவைத்துக்கொள்வதும் எளிதான காரியமல்ல.

அளவைப் பொறுத்தவரை ஒன்று மட்டும். ஹாண்டில் தாழ்ந்த பந்தயச் சட்டகத்தை அழகுக்காக வாங்காதீர்கள். 1200 கிலோமீற்றரை 90 மணித்தியாலங்களுக்குள் முடிக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் போன்ற ஓட்டங்களில் கழுத்தும் உள்ளங்கையும்தான் முதலில் தளர்கின்றன.

நீண்டகாலம் வைத்திருக்கப்போகும் சட்டகத்துக்குத் தனி வகை உதிரிப்பாகங்களை ஏற்பது மற்றொரு தவறு. மிதியச்சின் கூடு 68 மில்லிமீற்றர் அகலமுள்ள, புரியிட்ட வழமையான வகையாக இருக்கட்டும்; அழுத்திப் பொருத்தும் பெயாரிங்குகள் மழைநீரும் மணலும் சேர்ந்தால் கிறீச்சிடத் தொடங்கும். சீட் தண்டு 27.2 மில்லிமீற்றர் உருளையாக இருந்தால் எப்போதும் மாற்றிக்கொள்ளலாம். பின்கியரைத் தாங்கும் கொக்கி எந்த வகை என்பதைக் கேட்டறிந்து, உபரியாக ஒன்றைச் சட்டகத்தோடே வாங்கிவையுங்கள். புறக்கோட்டைச் சைக்கிள் கடைகளில் கிடைக்காத ஒரு சிறு துண்டுக்காக முழுச் சைக்கிளும் வாரக்கணக்கில் சுவரில் சாய்ந்து நிற்கக்கூடும்.

டைட்டானியத்துக்குப் பராமரிப்பே வேண்டாம் என்பதும் பிழையான எண்ணம். அது கறளாவதில்லை, ஆனால் உப்புநீர் படும் இடத்தில் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியத்தை அரிக்கச் செய்யும். கடற்காற்றும் வியர்வையும் சீட் குழாய்க்குள் இறங்க, அலுமினியத் தண்டின் மேல் வெண்பொடி படிந்து பருத்து, குழாயோடு இறுகிவிடும். பிறகு தண்டை அறுத்தெடுப்பதே வழியாகலாம். உலோகத் தண்டுக்கும் புரிகளுக்கும் ஒட்டாமல் தடுக்கும் அன்டி-சீஸ் பசையைப் பூசி, சில மாதங்களுக்கு ஒருமுறை கழற்றித் துடைத்துப் புதிதாகப் பூசுங்கள். காபன் தண்டுக்கு அதற்கென்றுள்ள பசையையே பூச வேண்டும். முன்கவை பெரும்பாலும் காபனாக இருக்கும் என்பதால், அதன் ஆயுளைச் சட்டகத்தின் ஆயுளோடு சேர்த்து எண்ணாமல், விழுந்தெழுந்த ஒவ்வொரு முறையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

உத்தரவாதப் பத்திரத்தைக் காசு கொடுத்த பிறகு வாசிப்பது கடைசித் தவறு. வாழ்நாள் உத்தரவாதம் பல இடங்களில் முதல் உரிமையாளருக்கு மட்டுமே செல்லும்; விபத்தால் வந்த சேதம் அதில் அடங்காது; சட்டகத்தைத் திருப்பி அனுப்பும் செலவு வாங்கியவரின் தலையில் விழலாம். விரிசல் விழுந்தால் படலை, கம்பி வேலை செய்யும் பட்டறையில் கொடுத்து ஒட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். குழாயின் உட்புறத்தை ஆர்கனால் நிரப்பாமல் ஒட்டினால், பக்கத்திலேயே அடுத்த விரிசல் தொடங்கும். ஆகவே திருத்த வேலையை யார், எங்கே செய்வார்கள், அனுப்பும் கட்டணம் யாருடையது என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். திருத்தி மீண்டும் நாட்டுக்குள் வரும் சட்டகத்துக்கு வரி எப்படிக் கணக்கிடப்படும், அதற்கு எந்தப் பத்திரங்கள் வேண்டும் என்பதைச் சுங்கத் திணைக்களத்தில் விசாரித்து, முதல் இறக்குமதியின் பற்றுச்சீட்டுகளையும் சட்டகத்தில் பொறித்த தொடரிலக்கத்தின் படத்தையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள்.