ஸ்லோவில் உதறும் பழைய கார்: காபரேட்டரைக் கழற்றுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரயில் கடவையில் எஞ்சினை ஸ்லோவில், அதாவது அக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடவிட்டு நிற்கும்போது ஸ்டியரிங் உதறும். ஏ.சி.யைப் போட்டால் எஞ்சின் நின்றுவிடும். கொஞ்சம் ரேஸ் பண்ணினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். ஓட்டமாவடியிலிருந்து பொத்துவில் வரைக்கும் இன்னமும் பழைய சன்னி, கொரோலா, லான்சர், மாருதி 800 வைத்து ஓடுபவர்களுக்கு இது பழகிய தொல்லை. பழி உடனே பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் காபரேட்டரில் விழும், இல்லாவிட்டால் பெற்றோல் நிரப்பும் செட்டில் விழும். சில நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் எஞ்சினுக்குள் களவாகக் காற்றுப் போனாலும், பிளக் ஒழுங்காக எரியாவிட்டாலும் காட்டுவது இதே அறிகுறியைத்தான். அவற்றைப் பார்க்கக் காசு செலவில்லை. அதனால் முதலில் காற்று, பிறகு கரண்ட், பிறகு பெற்றோல் வரும் வழி, கடைசியாகக் காபரேட்டர் என்று போவதே புத்தி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். பிளக், பில்டர், திருகாணி மூன்றிலும் ஒன்றாகக் கை வைத்தால், எது சரிவந்தது, எது கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

முதல் தவறு: திருகாணியைத் திருப்புவது

காபரேட்டரின் கலவைத் திருகாணியை ஒரு ஸ்பிரிங் இறுக்கிப் பிடித்திருக்கும். அது தானாகச் சுழலாது. போன மாதம் நன்றாக ஓடிய கார் இந்த மாதம் உதறுகிறது என்றால் மாறியது வேறு ஏதோ ஒன்று. திருகாணியைத் திருப்பி அந்தக் கோளாறை மூடிவிட்டால் ஸ்லோ கொஞ்சம் சரியாகும், பெற்றோல் கூடக் குடிக்கும், கோளாறு அப்படியே இருக்கும்.

திருப்பித்தான் ஆகவேண்டும் என்றால், இருக்கும் இடத்திலிருந்து மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். அடியில் தொட்டவுடன் நிறுத்த வேண்டும். இன்னும் கொஞ்சம் இறுக்கினால் ஊசி முனையில் வளையம் போலத் தழும்பு விழும், அது உட்காரும் பித்தளை வாயும் அகன்றுவிடும். அதற்குப் பிறகு அந்தக் காபரேட்டர் எவர் கையிலும் டியூன் ஆகாது. பெரும்பாலான காபரேட்டர்களுக்கு ஒன்றரை முதல் இரண்டரைச் சுற்று வெளியே எடுப்பது நல்ல தொடக்கம். எஞ்சின் நன்றாகச் சூடேறி, சோக் முழுதாகத் திறந்து, ஏர் கிளீனர் மூடி பூட்டியிருக்க வேண்டும். ஏ.சி., லைட், ரேடியேட்டர் விசிறி எல்லாம் நிற்கும் நேரத்தில்தான் ஸ்லோவை வைக்க வேண்டும். அநேகமான நான்கு சிலிண்டர் எஞ்சின்களுக்கு நிமிடத்துக்கு 750 முதல் 850 சுற்று போதும். மாருதி 800 மூன்று சிலிண்டர் வண்டி, ஸ்லோவில் கொஞ்சம் உதறுவது அதன் பிறவிக் குணம். அதைச் சன்னி மாதிரி ஆக்கப் போய்ச் சிலர் நல்ல காபரேட்டரையே கெடுத்துவிடுகிறார்கள்.

திருகாணிக்கு முன் பார்க்க வேண்டிய சாமான் ஒன்று உண்டு. பல ஜப்பான் காபரேட்டர்களின் பக்கத்தில் ஒற்றை வயரோடு ஒரு சின்ன சொலனொயிட் (கரண்டில் வேலை செய்யும் வால்வு) இருக்கும். திறப்பைப் போட்டதும் அது திறந்து ஸ்லோ ஜெட் என்ற நுண்துளைக்குப் பெற்றோல் விடும், திறப்பை எடுத்ததும் மூடும். வயர் விட்டிருந்தால் அக்சிலரேட்டரை மிதித்தால் கார் ஓடும், காலை எடுத்தால் நின்றுவிடும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் திறப்பை மட்டும் போட்டு, அந்த வயரைக் கழற்றிக் கழற்றிப் பூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் 'டிக்' என்று கேட்க வேண்டும். கல்லடி, காத்தான்குடி, கல்முனை போன்ற கடலோரத்தில் நிற்கும் கார்களில் இந்த வயரின் முனை பச்சை பிடித்திருப்பது மெத்தச் சாதாரணம்.

களவாக உள்ளே போகும் காற்று

பத்து வருடம் எஞ்சின் சூட்டில் கிடந்த ரப்பர் ஹோஸ் மேலே பார்க்க நல்லாத்தான் இருக்கும். கிளிப்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத கடைசி இரண்டு சென்ரிமீற்றரில்தான் வெடித்திருக்கும். அதனால் பார்ப்பது போதாது, ஒவ்வொரு முனையையும் வளைத்துப் பாருங்கள். முக்கியமானவை மூன்று: பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸ், வால்வு கவரிலிருந்து எஞ்சின் ஆவியை எடுத்து வரும் பி.சி.வி. ஹோஸ், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ரிபியூட்டரின் வெக்குவம் (உறிஞ்சல்) ஹோஸ். எஞ்சின் ஓடும்போது குறட்டின் வாயில் சீலைத் துண்டைச் சுற்றி ஒவ்வொரு ஹோஸாக நெரித்துப் பாருங்கள். பூஸ்டர் ஹோஸை நெரித்ததும் உதறல் நின்றால் பூஸ்டரில் அல்லது அதன் ஹோஸில்தான் ஓட்டை. அது ஸ்லோப் பிரச்சினை மட்டுமல்ல, பிரேக் பிரச்சினையும்கூட.

காபரேட்டரின் அடிக் கேஸ்கட், இன்டேக் கேஸ்கட் இரண்டிலும் ஓட்டை தேடப் பெற்றோலையோ காபரேட்டர் கிளீனரையோ அடிப்பவர்கள் உண்டு. கொரோலா கே.ஈ.70 போன்ற எஞ்சின்களில் இன்டேக்கும் எக்ஸோஸ்டும் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன. கொதிக்கும் எக்ஸோஸ்டில் ஒரு சொட்டு விழுந்தால் தீ. பூக்கன்றுக்கு அடிக்கும் ஸ்பிரே போத்தலில் பச்சைத் தண்ணீர் போதும். பொருத்துகளின் ஓரமாக மெல்லியதாக அடியுங்கள், டிஸ்ரிபியூட்டரை மட்டும் தவிருங்கள். எந்த இடத்தில் தண்ணீர் பட்டதும் எஞ்சின் சத்தம் மாறுகிறதோ, அங்கேதான் காற்று போகிறது. கேஸ்கட்டை மாற்றாமல் நட்டை இன்னும் இறுக்குவது அடுத்த தவறு. காபரேட்டரின் அடித்தட்டு வளையும், நடுவில் இருக்கும் சூடு தடுக்கும் கட்டை வெடிக்கும், ஓட்டை பெரிதாகும்.

மாரியில் வரும் 'பெற்றோல் பிரச்சினை'

ஐப்பசி, கார்த்திகை மழையில் விடியற்காலை ஸ்டார்ட் ஆகாமல், அப்படியே ஸ்டார்ட் ஆனாலும் மிஸ் அடித்து ஓடி, வெயில் ஏறியதும் சரியாகிவிடும் கார் பெற்றோலால் கெட்டதல்ல. ஈரமும் உப்பும் பட்ட பிளக் வயரிலிருந்து கரண்ட் வெளியே பாய்கிறது. இரவில் போர்டிகோ லைட்டை அணைத்துவிட்டு பொனட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். வயரைச் சுற்றி நீலமாகப் பொறி ஓடுவது தெரிந்தால் முழு செட்டையும் மாற்றுங்கள்.

டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் வெள்ளையாகப் பூத்திருந்தால் சீலையால் துடைத்து, நுனிகளை மெல்லச் சுரண்டினால் போதும். ரோட்டரின் நுனியை அரத்தாளால் பளபளக்கும் வரை தேய்ப்பது வேண்டாம். உலோகம் குறைந்து, பொறி தாண்ட வேண்டிய தூரம் கூடிவிடும்.

பிளக்கில் இடைவெளியைப் போலவே நம்பரும் முக்கியம். பொயின்ட் (டிஸ்ரிபியூட்டருக்குள் கரண்டை விட்டு நிறுத்தும் தொடுமுனை) உள்ள பழைய எஞ்சினுக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர், எலக்ட்ரோனிக் இக்னிஷனுக்கு அநேகமாக 1.0 முதல் 1.1. காரின் கைநூலில் உள்ளதே இறுதி. என்.ஜி.கே. பிளக்கில் 5 இருக்க வேண்டிய இடத்தில் 6 போட்டால் அது இன்னும் குளிர்ந்த பிளக், அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியே விடுவது. டவுனுக்குள்ளேயே ஓடும் காரில் சீக்கிரம் கரி பிடித்து மிஸ் அடிக்கும். கழற்றிய பிளக் காய்ந்த கரியாக இருந்தால் பெற்றோல் கூடுகிறது, வெளிறி வெள்ளையாக இருந்தால் காற்றுக் கூடுகிறது, ஒயிலில் நனைந்திருந்தால் ரிங் அல்லது வால்வு சீல். இளம் மண்ணிறம்தான் வேண்டியது. ஒரு பிளக் மட்டும் வேறு நிறமாக இருந்தால் கோளாறு அந்தச் சிலிண்டரில் இருக்கிறது. காபரேட்டர் நான்குக்கும் பொது என்பதால் அதைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

எந்தச் சிலிண்டர் என்று பிடிக்க, ஓடும் எஞ்சினில் வயரை வெறுங்கையால் இழுப்பது பழைய பழக்கம். எலக்ட்ரோனிக் இக்னிஷன் அடித்தால் இலேசாக இருக்காது, வயர் எதிலும் தொடாமல் தொங்கினால் இக்னிஷன் பெட்டியும் போகலாம். எஞ்சினை நிறுத்தி, ஒரு வயரைக் கழற்றி அதில் பழைய பிளக் ஒன்றைப் பூட்டி, அதன் உடலை எஞ்சின் இரும்பில் கட்டிவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். எதைக் கழற்றியும் உதறல் கூடவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர்.

பெற்றோல் வரும் வழி

மிதக்கும் சந்தேகங்களைத் தீர்க்க ஒரு கண்ணாடிப் போத்தல் போதும். பம்புக்குப் போகும் ஹோஸைக் கழற்றி அரைப் போத்தல் பெற்றோல் எடுத்து அரை மணித்தியாலம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் பெற்றோலை விடப் பாரம். இருந்தால் அடியில் தனியாக நின்று, போத்தலைச் சரிக்கும்போது கோடு மாதிரி ஓடும். பொடிப்பொடியாகச் செம்மண் நிறம் படிந்தால் டேங்க் துருப்பிடித்திருக்கிறது. மண்ணெண்ணெய் கலந்ததா என்று பார்க்க, வெள்ளைத் தாளில் சில சொட்டு விடுங்கள். நல்ல பெற்றோல் சில நிமிடத்தில் தடமில்லாமல் ஆவியாகும், மண்ணெண்ணெய் இருந்தால் எண்ணெய்க் கறை மிஞ்சும். செட்டைத் திட்டுவதற்கு முன் உங்கள் கேனையும் யோசியுங்கள். தோணி எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் வாங்கிய கேனில் காருக்குப் பெற்றோல் வாங்குவது நம் பக்கத்தில் நடக்காததல்ல.

2022 தட்டுப்பாட்டில் கேன்களில் சேர்த்து வைத்து மறந்த பெற்றோல் இன்னும் சில வீடுகளில் கிடக்கும். வெளிநாடு போனவரின் கார் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும். இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்: சீக்கிரம் பற்றும் பகுதி ஆவியாகிப் போக, பிசின் மாதிரி ஒன்று ஜெட்டுகளில் ஒட்டிக்கொள்ளும். புளித்த வார்னிஷ் மணம் வந்தால் புதுப் பெற்றோலோடு கலந்து தீர்க்கப் பார்க்காமல் டேங்கை வடித்துவிடுங்கள். வாயால் உறிஞ்சி வடிக்க வேண்டாம், நுரையீரலுக்குள் ஒரு மிடறு போனாலே ஆபத்து. 92க்குப் பதில் 95 அடித்தால் ஸ்லோ சரிவரும் என்பதும் நம்பிக்கை மட்டுமே. ஒக்டேன் தட்டலைத் தடுக்கும், அடைப்பை எடுக்காது.

டேங்க் மூடியை யாரும் நினைப்பதில்லை. பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். ரின்பால் பேணியில் ஒரு துளை மட்டும் குத்தினால் பால் இறங்காதது போல, மூடியின் காற்று வழி அடைத்தால் பெற்றோல் வராது. செங்கலடியில் நன்றாகக் கிளம்பிய கார் மகாஓயாவுக்கு முன் திணறி நிற்கும், பத்து நிமிடத்தில் மறுபடி ஓடும். நின்றவுடன் மூடியைத் திறவுங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டு, கார் உடனே ஓடினால் கோளாறு அதுதான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இதைச் சூட்டில் பெற்றோல் ஆவியாவதாக நினைத்துப் பம்பை மாற்றிவிடுவார்கள். உண்மையிலேயே சூடுதான் காரணம் என்றால், பம்பில் ஈரச் சீலை போட்டுச் சற்றுப் பொறுத்ததும் ஓடும். அப்போது ஹோஸ் எக்ஸோஸ்டுக்குப் பக்கத்தால் போகிறதா என்று பாருங்கள்.

எஞ்சினில் பூட்டிய பழைய பம்ப், டேங்கிலிருந்து உறிஞ்சித்தான் எடுக்கிறது. அந்தப் பக்கத்து ஹோஸ் வெடித்தால் பெற்றோல் ஒழுகாது, காற்று உள்ளே போகும். அதனால் 'ஒரு சொட்டும் ஒழுகவில்லையே' என்று விட்டுவிடாதீர்கள். தெளிந்த பிளாஸ்டிக் பில்டரில் இடைவிடாமல் குமிழி ஓடுவது அதன் அடையாளம். பில்டர் பாதிதான் நிரம்பியிருக்கிறது என்பதற்காகப் பயப்பட வேண்டாம், அது பல கார்களில் வழமை. பம்பின் டயப்பிரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்தால் பெற்றோல் எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் குச்சியை மணந்து பாருங்கள். பெற்றோல் மணந்தால் பம்போடு ஒயிலையும் மாற்றாமல் ஓடக்கூடாது.

பழைய பம்ப் கிடைக்கவில்லை என்று இ.எப்.ஐ. காரின் (காபரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் மூலம் பெற்றோல் பீச்சும் கார்) எலக்ட்ரிக் பம்பைப் பூட்டுவது பெரிய பிழை. இ.எப்.ஐ. பம்ப் தருவது 2.5 முதல் 3 பார் அழுத்தம். காபரேட்டருக்குத் தேவை 0.2, 0.3 பார்தான். ஊசி வால்வு அதைத் தாங்காமல் பெற்றோல் எஞ்சின் மேலேயே வழியும்.

காபரேட்டரைக் கழற்றியே ஆகவேண்டும் என்றால்

ஹிற்றாச்சி, அய்சான் காபரேட்டர்களின் முன்பக்கத்தில் சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கும். சமதரையில், எஞ்சின் ஓடும்போது பெற்றோல் மட்டம் அதன் கோட்டில் அல்லது புள்ளியில் நிற்க வேண்டும். மேலே நின்றால் ஊசி வால்வு, கீழே நின்றால் பெற்றோல் வரத்து. கழற்றாமலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஜெட்டுக்குள் கம்பியோ குண்டூசியோ விடாதீர்கள். பித்தளை மெல்லியது, துளை ஒரு மயிரளவு அகன்றாலும் அளவு போய்விடும். கிளீனரில் ஊறவைத்து, வழமையாகப் பெற்றோல் ஓடும் திசைக்கு எதிரே காற்று அடியுங்கள். அதற்கும் போகாத அடைப்புக்கு மெல்லிய தங்கூசி நூல் நல்லது, வலைச் சாமான் கடையில் ஒரு முழம் கேட்டாலே தருவார்கள். ரப்பர், டயப்பிரம் ஒன்றையும் கிளீனரில் போடக்கூடாது, ஊதிப்போகும். கவிழ்த்தால் உள்ளிருந்து சின்ன இரும்புக் குண்டு உருண்டு விழும். அது அக்சிலரேட்டர் பம்பின் வால்வு, வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் கழற்றினால் தொலையாது.

இ.எப்.ஐ. கார்களில்

இங்கே கலவைத் திருகாணி இல்லை என்பதால் திரொட்டில் நிறுத்துத் திருகாணியில் கை வைக்கிறார்கள். பெயின்ட் பூசிய அந்தத் திருகாணியைத் திருப்பினால், அக்சிலரேட்டரை விட்டாயிற்று என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது, ஸ்லோவைச் சரிசெய்யும் வேலையை அது விட்டுவிடும். திரொட்டில் உடலின் கரியையும் ஸ்லோ வால்வையும் அதற்குரிய ஸ்பிரேயால் துடையுங்கள், பாதி வண்டிகளுக்கு அது போதும். காலையில் மட்டும் தொல்லை என்றால் சூடு பார்க்கும் சென்சர். மீற்றருக்குப் போகும் ஒற்றை வயர் சென்சரை மாற்றி ஏமாறாதீர்கள், கம்ப்யூட்டருக்கு உரியது இரண்டு வயர். பல ரொயோட்டாக்களில் அது 20 பாகையில் 2 முதல் 3 கிலோஓம், 80 பாகையில் 300 ஓம் அளவில் காட்டும். 90களின் ரொயோட்டாவில் ஸ்கேனர் தேடி அலையவும் தேவையில்லை. பொனட்டுக்குள் உள்ள சோதனைப் பெட்டியில் டி.ஈ.1, ஈ.1 இரண்டையும் வயர்த் துண்டால் இணைத்துத் திறப்பைப் போட்டால், எஞ்சின் லைட் மின்னி மின்னிக் கோளாறு எண்ணைச் சொல்லும். பெற்றோல் குழாயைக் கழற்றுவதானால் முதலில் பம்ப் பியூஸை எடுத்து, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் முகத்தில் பீறிடும்.

இத்தனைக்கும் ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் கம்ப்ரெஷனை, அதாவது சிலிண்டர் காற்றை நெருக்கும் அழுத்தத்தை, மீற்றரால் அளந்து பாருங்கள். எல்லாப் பிளக்கையும் கழற்றி, இக்னிஷன் வயரை விடுவித்து, அக்சிலரேட்டரை அடிவரை மிதித்துச் சுழற்ற வேண்டும். சிலிண்டர்களுக்கிடையில் 1 கிலோவுக்கு, அதாவது 14 பி.எஸ்.ஐ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஒயில் ஊற்றி மீண்டும் பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். ஹெட்டைக் கழற்ற மெக்கானிக் பாஸ் ஆயத்தமானால், அதற்கு முன் வால்வு இடைவெளியை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இறுகிய வால்வு சரியாக மூடாமல் இருந்தாலும் மீற்றர் இதே குறைவைத்தான் காட்டும்.