'பார்த்துப் போம்மா' என்று சொன்னால் போதாது: பெரியவர்கள் விழாமல் இருக்க ஒரு சனி, ஞாயிறு வேலை

எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் எண்ணெய்க் குளியல். மும்பை மாட்டுங்காவில் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம், இரண்டாம் மாடி, தேய்ந்துபோன மொசைக் தரை. இரண்டு வருடம் முன்பு ஒரு சனிக்கிழமை, 71 வயது அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வெளியே வரும்போது கால் வழுக்கியது. கைக்கு எட்டியது டவல் கம்பி. அதைப் பிடித்தார். கம்பி சுவர்ப் பூச்சோடு பெயர்ந்து கையில் வந்துவிட்டது. வலது மணிக்கட்டு முறிந்து, 6 வாரம் மாவுக்கட்டு.

அந்த 6 வாரமும் என்னை உறுத்தியது ஒன்றுதான். அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு நிற்கும் என்று எனக்கு முன்பே தெரியும். டவல் கம்பி ஆடுகிறது என்றும் தெரியும். தினமும் "பார்த்துப் போம்மா" என்று சொன்னேனே தவிர, இடத்தைச் சரி செய்யவில்லை. அவர் பார்த்துத்தான் போனார்.

கீழே விழுந்து உலகத்தில் வருடத்துக்குச் சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கு. அதிகம் இறப்பவர்கள் 60 வயது தாண்டியவர்கள். தப்பிப் பிழைத்தாலும், இடுப்பு எலும்பு முறிந்த பாட்டி பழையபடி தனியாகக் கோயிலுக்குப் போய் வருவது பல வீடுகளில் அதோடு நின்றுபோகிறது.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு நோட்டு, அளவு டேப், டார்ச், போன் இருந்தால் போதும். புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்க வேண்டாம். சனிக்கிழமை வீடு, ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டும் தெருவும்.

முதல் வேலை: பின்னாலேயே நடங்கள்

காலையில் எழுந்ததிலிருந்து அம்மாவோ அப்பாவோ எங்கெல்லாம் போகிறார்களோ, கூடவே போங்கள். அறிவுரை சொல்லாதீர்கள். அவர்கள் கை எதையெல்லாம் பிடிக்கிறது என்று மட்டும் பாருங்கள். கதவுச் சட்டம், ஃபிரிட்ஜ் கைப்பிடி, வாஷ்பேசின் ஓரம், ஆடும் நாற்காலி. கை தன்னால் எங்கே பிடிமானம் தேடுகிறதோ அங்கே கால் தடுமாறுகிறது என்று அர்த்தம். ஒவ்வொன்றையும் நோட்டில் குறியுங்கள். எங்கள் வீட்டில் 11 இடம் வந்தது. நான் நினைத்தது நாலைந்துதான்.

இரண்டாவது: 3 மீட்டர் நடை

மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் செய்யும் எளிய சோதனை இது, வீட்டிலேயே பார்க்கலாம். நாற்காலியிலிருந்து 3 மீட்டர் தள்ளித் தரையில் ஒரு கோடு போடுங்கள். ஓர் அடி டைல்ஸ் என்றால் 10 எண்ணினால் சரியாக இருக்கும். வழக்கமாகப் போடும் செருப்போடு, வழக்கமான வேகத்தில், எழுந்து கோடு வரை போய், திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். போனில் நேரம் பாருங்கள். நீங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் வாய்ப்பு அதிகம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

போகும்போது மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை சிலருக்குத் தலைசுற்றலைத் தரும். படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள்ளும் பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மேல் எண் 20 குறைந்தால் மருந்தை மாற்ற வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். கண்ணையும் பார்த்துவிடுங்கள். மேலே தூரப் பார்வை, கீழே கிட்டப் பார்வை என்று இரண்டும் சேர்ந்த கண்ணாடி போட்டிருப்பவர்களுக்குப் படி இறங்கும்போது கீழ்ப்படி மங்கலாகத் தெரியும்.

மூன்றாவது: குளியலறை

சனிக்கிழமையின் பாதி நேரம் இதற்குத்தான். முதலில் தரை. எண்ணெய், சீயக்காய், சோப்பு மூன்றும் சேர்ந்தால் எந்தத் தரையும் வழுக்கும். எங்கள் வீட்டில் இப்போது எண்ணெய் தேய்ப்பது ஹாலில், பழைய துண்டு விரித்து, நாற்காலியில் உட்கார்ந்து. உள்ளங்காலில் மட்டும் தேய்ப்பதில்லை. குளிப்பதும் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துதான். ஸ்டூல் காலில் ரப்பர் புஷ் இருக்கிறதா என்று தலைகீழாக்கிப் பாருங்கள், இல்லையென்றால் ஸ்டூலே வழுக்கும். குளித்து முடித்ததும் அடுத்த ஆள் உள்ளே போகும் முன் பாத்திர சோப்புப் போட்டு ஒரு தேய், ஒரு சொம்பு வெந்நீர். இது வீட்டில் இளையவர்கள் வேலை.

அப்புறம் பிடிகம்பி. துணி காயப்போடும் கம்பியும் டவல் கம்பியும் உடம்புப் பாரத்தைத் தாங்கச் செய்தவை அல்ல. உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கப் வைத்த பிடிகளையும் நம்பாதீர்கள். எவர்சில்வரில், கை நன்றாகச் சுற்றிப் பிடிக்கும் பருமனில், ஒன்றேகால் அங்குலம் குறுக்களவுள்ள கம்பி கடைகளில் கிடைக்கும். தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் படுக்கை வாட்டில் ஒன்று, கதவோரம் செங்குத்தாக ஒன்று. கம்மோடுக்குப் பக்கத்தில் இன்னொன்று. ஆனால் டேப்பை மட்டும் நம்பாமல், அம்மாவையே நிற்கவும் உட்காரவும் வைத்து, கை எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் குறியுங்கள்.

பொருத்துவதற்கு ஆள் கூப்பிடும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். சுவர் செங்கல்தானா, வெறும் தடுப்பா? விரலால் தட்டினால் உள்ளே காலியான சத்தம் வரக்கூடாது. ஸ்க்ரூ டைல்ஸையும் பூச்சையும் தாண்டிச் செங்கலுக்குள் இறங்குமா? எங்கள் பழைய டவல் கம்பியின் ஸ்க்ரூ ஓர் அங்குலம்கூட இல்லை. முக்கால் அங்குலம் பூச்சிலேயே நின்றுவிட்டது. பொருத்தி முடித்த அன்று நீங்களே முழு பாரம் போட்டுத் தொங்கிப் பாருங்கள். அதன் பிறகுதான் அவர் தொட வேண்டும்.

அம்மா முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "ஏண்டி, ஆஸ்பத்திரி மாதிரி கம்பி வெச்சா வர்றவங்க என்ன நெனப்பாங்க?" என்றார். வாதம் செய்யாமல் நான்தான் முதல் வாரம் அதைப் பிடித்து நடந்தேன். பேரன் பிடித்தான். அப்புறம் அது வீட்டுப் பொருளாகிவிட்டது. உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வரும். பொறுமையாக இருங்கள்.

கதவை மறக்காதீர்கள். உள்ளே தாழ் போட்டு, கதவுக்கு எதிரே விழுந்தால் வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாது. வெளியிலிருந்து திறக்கும் பூட்டு போடுங்கள், அதுவரை தாழ் போடாமல் கதவில் ஒரு துண்டு தொங்கவிட்டால் உள்ளே ஆள் இருப்பது தெரியும்.

நான்காவது: கட்டிலிலிருந்து குளியலறை வரை

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். இரவில் எழுந்ததும் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நிற்பது நல்ல பழக்கம். வழியில் ஆள் நடந்தால் தானே எரியும் சின்ன விளக்கை பிளக்கில் மாட்டிவிடலாம். மடங்கிக் கிடக்கும் மிதியடி, சார்ஜர் வயர், தரை புரளும் நைட்டி மூன்றையும் இன்றைக்கே சரி செய்யுங்கள். அடி தேய்ந்த ஹவாய் செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, குதிகாலில் வார் உள்ளது வாங்குங்கள்.

காலையில் வீட்டு வேலைக்கு வரும் மௌஷி ஈரத்துணியால் தரை துடைத்துவிட்டுப் போனதும் 15 நிமிடம் ஃபேன் போட்டு, பெரியவர்களை உட்கார வையுங்கள். சமையலறையில் தினமும் எடுக்கும் டப்பாக்களை இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் ஸ்டூல் ஏறும் வேலையே இல்லை. குழந்தைகள் இருக்கும் வீடென்றால் ஜன்னல் பக்கத்திலிருந்து சோபா, டீப்பாயை நகர்த்துங்கள். கிரில் இடைவெளி 4 அங்குலத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும்.

காலுக்கு வலு வேண்டாமா? அதற்கும் வழி இருக்கிறது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது 10 தடவை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 5 தடவை, போகப் போக 10. பால் காயும் நேரத்தில் அம்மா இதைச் செய்கிறார். நான்கே மாதத்தில் அவருடைய 3 மீட்டர் நடை 15 நொடியிலிருந்து 11 நொடிக்கு வந்தது.

ஐந்தாவது: படிக்கட்டும் காம்பவுண்டும்

மாலை 7 மணிக்கு, விளக்கு எரியும் நேரத்தில் போய்ப் பாருங்கள். பகலில் போனால் ஒன்றும் தெரியாது. எங்கள் கட்டடத்தில் முதல் மாடித் திருப்பத்தில் பல்பு இல்லை. எல்லாப் படியும் ஒரே சாம்பல் நிறம், கடைசிப் படி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியவே இல்லை. படி விளிம்பில் 2 அங்குல மஞ்சள் பெயின்ட் கோடு போட்டோம். திருப்பத்தில் இருந்த ஷூ ஸ்டாண்டுகளை உள்ளே எடுக்கச் சொன்னோம். சொசைட்டி செயலாளரிடம் வாயால் சொன்னபோது இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆறு வீட்டுக் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்ததும் அந்த வாரமே பல்பு வந்தது. ஆகவே எழுதிக் கொடுங்கள், போட்டோவும் வையுங்கள்.

படி ஏறும்போது ஒரு கை கைப்பிடிக்கு. காய்கறிப் பை தோளில் மாட்டும் பையாக இருக்கட்டும். காம்பவுண்டில் காரைப் பின்னால் எடுக்கும் முன் ஒரு சுற்று சுற்றி வந்து பார்க்கும் வழக்கத்தை எல்லா ஓட்டுநர்களிடமும் சொல்லுங்கள். விளையாடும் பிள்ளைகள் பின் கண்ணாடியில் தெரியமாட்டார்கள்.

ஆறாவது: தெரு

ஞாயிறு காலை, கோயிலுக்கோ பூ மார்க்கெட்டுக்கோ போகும் வழியை அம்மாவின் வேகத்தில் நடந்து பாருங்கள். பண்டார்கர் ரோடு ஆஸ்திக சமாஜக் கோயிலுக்கு நாங்கள் எப்போதும் போகும் வழியில் நடைபாதை மூன்று இடத்தில் உடைந்து கிடந்தது. இரண்டு நிமிடம் சுற்றிப்போகும் வழி ஒன்று இருந்தது. இப்போது அதுதான் எங்கள் வழி. நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடங்கள். சிக்னலில் நீங்கள் போய்ச் சேரும்போது நடப்பவர்களுக்கான பச்சை ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால் இறங்காதீர்கள், அடுத்த பச்சைக்குக் காத்திருங்கள். டாக்ஸியிலிருந்து இறங்குவது நடைபாதைப் பக்கம்தான்.

மழைக்காலம் தனி. கிங்ஸ் சர்க்கிளிலும் காந்தி மார்க்கெட்டிலும் தண்ணீர் ஏறும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். 2017 ஆகஸ்ட் 29 பெருமழையில், மும்பையின் பெயர்பெற்ற மருத்துவர் ஒருவர் தண்ணீரில் நடந்து வீட்டுக்குப் போகும்போது திறந்து கிடந்த மேன்ஹோலில் விழுந்து இறந்தார். தரை தெரியாத தண்ணீரில் இறங்காதீர்கள். கடையோரம் ஒதுங்கி நில்லுங்கள், எத்தனை நேரமானாலும் சரி. வேறு வழியே இல்லையென்றால் குடை நுனியால் தரையைத் தொட்டு, அழுத்தி, அப்புறம் அடி எடுத்து வையுங்கள். மூடி இல்லாத மேன்ஹோலைப் பார்த்தால் மாநகராட்சியின் 1916 எண்ணுக்கு அழைத்து, பக்கத்துக் கடைப் பெயரையும் சொல்லிப் புகார் கொடுங்கள். மாட்டுங்கா, சயான், வடாலா எல்லாம் எஃப் நார்த் வார்டு.

ஸ்கூட்டரில் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் வேண்டும். 4 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் சட்டமே அதைச் சொல்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். வார் மாட்டாத ஹெல்மெட் விழும்போது தலையில் நிற்காது. புடவைத் தலைப்பையும் துப்பட்டாவையும் சக்கரத்துக்கு எட்டாதபடி செருகிக்கொள்ள வேண்டும். தெருவில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று ஒதுங்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவுபவரைப் பாதுகாக்கிறது. பெயர் சொல்லக்கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

கடைசி வேலை: விழுந்துவிட்டால்

ஓடிப்போய் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்காதீர்கள், நான் அன்று செய்த தவறு அது. முதலில் பேச்சுக் கொடுங்கள். கழுத்து, முதுகு வலித்தாலோ, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ அசைக்காமல் 108-க்கு அழையுங்கள். இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் உடனே ஆஸ்பத்திரி.

அடி இல்லையென்றால் அவரே எழ வழி செய்யுங்கள். ஒருக்களித்துத் திரும்பி, முட்டி போட்டு, ஆடாத நாற்காலியைக் கையால் பிடித்து, வலுவான பாதத்தை முன்னால் ஊன்றி, மெல்ல எழுந்து உட்கார வேண்டும். நல்ல நாளில் கட்டில் மேலேயே இரண்டு தடவை பழகிப் பாருங்கள்.

கடைசியாக ஒரு தாளில் 108, 112, உங்கள் எண், பக்கத்து வீட்டு எண் நான்கையும் பெரிய எழுத்தில் எழுதி ஹாலிலும் குளியலறை வாசலிலும் ஒட்டுங்கள். கண் மட்டத்தில் வேண்டாம். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் ஒட்டுங்கள். விழுந்து கிடப்பவர் கண்ணுக்கு எட்டுவது அந்த உயரம்தான். பழைய பட்டன் போன் ஒன்றையும் அதே உயரத்தில் ஒரு பையில் தொங்கவிட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் சார்ஜ் போடுங்கள்.