சென்னையில் தங்கி, காலையில் போய் இரவுக்குள் திரும்ப

காஞ்சிபுரம், மாமல்லபுரம் மாதிரி ஊர்களுக்குச் சென்னையிலிருந்து காலையில் கிளம்பி ராத்திரிக்குள் திரும்ப நினைப்பவர்களுக்கு வாடகைக் கார் தேவையே இல்லை. "வெளிநாட்டிலேர்ந்து வந்துட்டு பஸ்லயா போறே?" என்று வீட்டில் கேட்பார்கள். பதில் சொல்லிக்கொண்டு நிற்காமல் கிளம்பிவிடுங்கள்.

ஊரை விட்டுப் போய் நாளானவர்கள் கோயம்பேட்டையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின், திண்டிவனம், விழுப்புரம் என்று தெற்கே போகும் பஸ்களுக்கு வண்டலூர் தாண்டித்தான் போக வேண்டும். மாமல்லபுரத்துக்கு அந்த அலைச்சல் இல்லை. திருவான்மியூரிலிருந்து ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாநகரப் பேருந்தே போகிறது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தால் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் இந்தியர் கட்டணம்தான். அட்டையைக் காட்டிக் கேட்டு வாங்குங்கள்.

காஞ்சிக்குச் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து செங்கல்பட்டு வழியாக நேரே போகும் மின்சார ரயில்கள் சிலதான் உண்டு. நேரம் பார்க்காமல் ஏறினால் செங்கல்பட்டோடு இறக்கிவிட்டுவிடும். விடியற்காலை வண்டியைப் பிடியுங்கள். மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குக் கோயில்களில் நடை சாத்தினால் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். ஏகாம்பரநாதர் பெரிய காஞ்சியில், வரதராஜர் சின்ன காஞ்சியில். முதலில் கைலாசநாதர் கோயிலுக்குப் போங்கள். ராஜசிம்ம பல்லவன் கட்டிய மணற்கல் கோயில். சுற்றியுள்ள சிறு மாடங்களில் பழைய ஓவியத்தின் நிறம் இன்னும் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த முறை இதில் எதையும் நான் பார்க்கவில்லை.

காஞ்சிக்கு வருகிறேன் என்று சித்தப்பாவிடம் சொன்னதும், "வர்றதுதான் வர்றே, அந்தக் கையெழுத்தையும் போட்டுட்டுப் போயிடுப்பா, பத்து நிமிஷ வேலை" என்றார். தாத்தா வீட்டில் அப்பாவின் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். அன்று வெள்ளிக்கிழமை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம், அதில் கையெழுத்துப் போடக் கூடாது என்று உட்கார வைத்துவிட்டார். பன்னிரண்டுக்கு மேல் சார்பதிவாளர் அலுவலகம் போனால், ராகுகாலம் கழியட்டும் என்று காத்திருந்த ஊரே அங்கே நின்றது. எங்கள் டோக்கன் வந்தபோது பெயர் இடித்தது. பத்திரத்தில் இனிஷியல் முன்னால். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். பத்திர எழுத்தர் ஓடிப்போய் வேறு தாள் அடித்து வந்தார். வந்த நேரம் சர்வர் வேலை செய்யவில்லை.

சித்தி கட்டிக்கொடுத்த புளியோதரையைச் சித்தப்பா பெஞ்சிலேயே பிரித்து, அப்பளத்தை எனக்கென்று ஒதுக்கி வைத்தார். எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. ஆனால் பாட்டி படுக்கையில் கிடந்த நாளெல்லாம் புரட்டிப் படுக்க வைத்துத் துடைத்துவிட்டவர் அவர். நான் போனில் முகம் பார்த்ததோடு சரி. பங்கு அவருக்குப் போவதில் எனக்கு மனத்தாங்கல் கிடையாது. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அந்த பெஞ்சில் வைத்துத்தான் முதன்முதலாகக் காட்டினார்கள். அது சரியில்லை என்று அவரிடமே சொன்னேன். கையெழுத்து விழுந்தபோது மணி நாலரை தாண்டிவிட்டது.

சொந்தக்காரர் யார் கையெழுத்துக் கேட்டாலும், ஒரு வாரம் முன்பே வரைவை வாட்ஸ்அப்பில் வாங்கி வரிவரியாகப் படியுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை, அதாவது சொத்தின் மேல் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்பதை, நீங்களே காசில்லாமல் பார்க்கலாம். பாஸ்போர்ட், பான் அட்டையோடு, இனிஷியல் போட்ட பழைய பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் எடுத்துப்போங்கள். நேரில் வர முடியாதவர்கள் அங்கே இந்தியத் தூதரகத்தில், தங்கள் சார்பில் இன்னொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரம் எழுதி அனுப்பலாம்; அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். கையெழுத்துக்கு ஒரு முழு நாள் விடுங்கள். கோயிலுக்கு இன்னொரு நாள், அதுவும் வெள்ளிக்கிழமை வேண்டாம், காமாட்சியம்மன் சன்னதியில் கால் வைக்க இடமிருக்காது. சித்தப்பா வீட்டில் உட்கார்ந்து சாப்பிட அதற்கென்றே வேறொரு நாள்.

சாயங்கால ரயிலை விட்டுவிட்டால் பதற வேண்டாம். காஞ்சி பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி வழியாகச் சென்னைக்கு பஸ் கிடைக்கும்.